தாசில்தாரோட வால் எங்க போச்சு

பேக்கை மேல வைக்கச் சொல்றீங்களா சார்? வைக்க மாட்டேன், கோவிச்சுக்காதீங்க. உள்ள கேமரா இருக்கு. மடியிலயே இருக்கட்டும். உங்க முட்டியில இடிக்குதா? இந்தா, அங்கிட்டு திருப்பிக்கிறேன். இப்ப? கொஞ்சமா இடிக்குதா? கொஞ்சம்தானே, பொறுத்துக்கங்க. பஸ் செம்பட்டி வந்ததும் இறங்கிருவேன்.

போட்டோகிராஃபரான்னு கேக்குறீங்களா? கேக்கலையா? பரவால்ல. ஆமா, போட்டோகிராஃபர்தான். பேரு இன்பராஜ். போன மாசம் எங்க பக்கம் வாட்ஸப்ல ஒரு பாதிச் சேவல் போட்டோ சுத்துச்சே, உங்களுக்கு வரல? வரலையா? ஒட்டன்சத்திரத்துல எல்லாருக்கும் வந்துச்சு. "அய்யோ பாவம், மீதிய பூனை தின்னுருச்சா"ன்னு ஆளாளுக்கு கேட்டாய்ங்க. அது நான் எடுத்ததுதான் சார். அதுல என் தப்பு ஒண்ணுமே இல்ல. அத யாராவது ஒருத்தர்கிட்டயாவது முழுசா சொல்லணும்னு இருந்தேன், நீங்க வந்து உக்காந்துட்டீங்க.

கிளிமூக்குச் சேவல் பாத்திருக்கீங்களா? மூக்கு கிளி மாதிரி வளைஞ்சிருக்கும். வால் விசிறி மாதிரி விரிஞ்சு தரையைத் தொடும். சண்டைக்கு இல்ல சார், சும்மா அழகுக்கு. வருஷா வருஷம் கண்காட்சி வைப்பாய்ங்க. அழகிப் போட்டி மாதிரியேதான், என்ன, இதுல போட்டிக்கு வந்தவரு மேடையிலயே எச்சம் போட்டுருவாரு.

எங்க ஊர்ல டயர் கடை வச்சிருக்காரு பூவலிங்கம் அண்ணன். அவரோட சேவல் பேரு தாசில்தார். செம்பட்டை உடம்பு, வெள்ளை வால். வால் மட்டும் ஒண்ணரை அடி. அண்ணன் அத அவரு இவருன்னுதான் சொல்வாரு. "தாசில்தார் சாப்பிட்டாரு", "தாசில்தாருக்கு இன்னைக்கு மூடு சரியில்ல". கடைக்கு போன் பண்ணுனவய்ங்க பயந்து போனை வச்சிருக்காய்ங்க.

கண்காட்சிக்கு சும்மா தூக்கிட்டுப் போயிர முடியாது. முதல்ல பக்கவாட்டுல நிக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து சேவல் கழகத்துக்கு அனுப்பணும். மூக்கு, கண்ணு, காலு, வாலு, நாலும் ஒரே போட்டோவுல தெரியணும். எடிட்டிங் கூடாது. அதப் பாத்து செலக்ட் பண்ணுவாய்ங்க. அண்ணன் மூணு வருஷமா போன்ல எடுத்து அனுப்புறாரு, மூணு வருஷமா ரிஜெக்ட். ஒரு வருஷம் அவரு வெரலே பாதி போட்டோ. ஒரு வருஷம் சேவல் ஓடிருச்சு, சுவத்தை அனுப்பிருக்காரு. போன வருஷம் எல்லாம் சரி, தாசில்தார் கண்ணை மூடிட்டாரு. "தூங்கும் சேவல் ஏற்றுக்கொள்ளப்படாது"ன்னு பதில் வந்துச்சு.

அப்பத்தான் அமராவதி மதினி ஒரு வார்த்தை சொல்லிட்டாங்க. அண்ணனோட வீட்டம்மா. கரண்ட் ஆபீஸ்ல வேலை, வீடு வீடா போய் மீட்டர்ல ரீடிங் எடுக்கிறவங்க. அவங்க அதிகமா பேச மாட்டாங்க, பேசுனா அப்பீல் கிடையாது. "இந்த வருஷம் இது மேடையேறி பரிசோட வரணும். வரலைன்னா ஞாயித்துக்கிழமை குழம்பு." அவ்வளவுதான்.

அண்ணன் நேரா எங்கிட்ட ஓடி வந்துட்டாரு. "இன்பா, தாசில்தார் உசுரு உன் கையிலடா." சொல்லுங்க சார், ஒரு கலைஞனுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?

சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள போட்டோ போய்ச் சேரணும். நான் ரெண்டு மணிக்கே அவங்க வீட்டுக்கு போயிட்டேன். ஸ்டுடியோ லைட்டு, ஸ்டாண்டு, வெள்ளைக் குடை, எல்லாம் எடுத்துட்டு. உள்ரூம்ல ஜன்னலையெல்லாம் சாத்திட்டு கருப்புத் துணி கட்டுனேன். சேவலுக்கு ஒரு ஸ்டூலு. கேமரா தலையில ஒரு சின்ன டப்பா மாட்டணும், லைட்டுல ஒரு டப்பா மாட்டணும். நம்ம பட்டனை அழுத்துனா இந்த டப்பா அந்த டப்பாவுக்கு சொல்லும், லைட்டு பளிச்சுன்னு அடிக்கும். அந்த அடிக்கு பேருதான் ஃப்ளாஷ். தெரியுமா? தெரிஞ்சாலும் கேளுங்க.

முதல்ல மதினிதான் சொன்னாங்க, "இம்புட்டு சாமான் கொண்டாந்திருக்க, என்னை ஒண்ணு எடு. கல்யாணத்துக்கு அப்புறம் இந்த வீட்ல என்னை ஒருத்தரும் எடுக்கல, சேவலுக்கு தனி ஆல்பமே இருக்கு." எடுத்தேன். கேமரா பின்னாடி காட்டுனேன். நல்லா வந்திருந்தாங்க. மதினி போட்டோவை ஒரு பார்வை, அதுக்கு கீழ இருந்த நம்பரை ஒரு பார்வை பாத்துட்டு போயிட்டாங்க. தொழில் அப்படி, எங்க நம்பர் இருந்தாலும் கண்ணு அங்க போயிரும்.

அப்புறம் தாசில்தாரை ஸ்டூல்ல ஏத்துனோம். சார், சேவல் சும்மா நிக்காது. தலைய இப்படி வெட்டும், அப்படி வெட்டும். நான் என்ன பண்ணுனேன், அனுபவம் பேசுச்சு, ஷட்டர் ஸ்பீடை ஏத்துனேன். நூத்தி இருபத்தஞ்சுல இருந்தத ஐநூறுக்கு. அதாவது ஒரு செகண்டை ஐநூறு துண்டு போட்டு அதுல ஒரு துண்டு நேரம்தான் கேமரா கண்ணைத் தொறக்கும். சேவல் எப்படி ஆடுனாலும் ஆட்டம் தெரியாது. சரிதானே? சரிதான்னு தலையாட்டுங்க சார். அன்னைக்கு அண்ணனும் தலையாட்டுனாரு.

கேமராவை நிமித்திப் பிடிச்சு எடுத்தேன். பளிச்! பாத்தா, மூக்கு இருக்கு, கண்ணு இருக்கு, நெஞ்சு இருக்கு. வாலைக் காணோம். இருட்டு. கோடு போட்டு வெட்டுன மாதிரி.

"டேய், வாலு எங்கடா?"ன்னாரு அண்ணன்.

"ஆட்டிட்டாரு அண்ணே. இன்னொண்ணு எடுப்போம்."

இன்னொண்ணு. அதே. இன்னொண்ணு. அதே. சரி, கருப்புத் துணி பக்கம் வால் இருக்கிறதால முழுங்குதுன்னு சேவலை அப்படியே திருப்பி நிக்க வச்சேன். பளிச்! இப்ப வாலு அம்சமா இருக்கு சார், இறகு இறகா எண்ணலாம். மூக்கைக் காணோம். தலையே காணோம். கேமராவை படுக்கப் போட்டு எடுத்தேன். மூக்கு இருக்கு, வாலு இருக்கு, காலு ரெண்டையும் காணோம். தாசில்தார் அந்தரத்துல மிதக்குறாரு.

அண்ணன் மெதுவா திருநீறு டப்பாவை எடுத்துட்டு வந்து சேவலுக்கு பூசிட்டாரு. எனக்கும் பூசுனாரு. லைட்டுக்கும் பூசப் போனாரு, நான்தான் தடுத்தேன்.

நான் அசரல. வேகம் பத்தலைன்னு முடிவு பண்ணுனேன். சேவலை பழையபடி திருப்பி, கேமராவை நிமித்திப் பிடிச்சு, ஐநூறை ஆயிரமாக்குனேன். பளிச்! இப்ப மூக்கு மட்டும்தான் சார் இருக்கு. ஒரு மூக்கு. இருட்டுக்குள்ள இருந்து எட்டிப் பாக்குற ஒரு மூக்கு. அத இன்னும் வச்சிருக்கேன், அப்புறம் காட்டுறேன்.

மணி நாலரை. நான் கேபிளை கழட்டி மாட்டிக்கிட்டு இருக்கேன், அந்த நேரம் பாத்து மனுஷன் என்ன பண்ணுனாரு தெரியுமா? கேமராவுலேருந்து ரெண்டு போட்டோவை போனுக்கு ஏத்தி, ஒண்ணு மூக்கு இருக்கிறது, ஒண்ணு வால் இருக்கிறது, ரெண்டையும் கழகத்தோட வாட்ஸப் குரூப்புக்கு அனுப்பிட்டாரு. அங்கேருந்துதான் அது ஊரெல்லாம் சுத்துச்சு. கீழ ஒரு வரி: "ரெண்டையும் சேத்து பாத்துக்கங்க அய்யா."

அப்பத்தான் மதினி டீ எடுத்துட்டு வந்தாங்க. கேமராவை எட்டிப் பாத்தாங்க. "தம்பி, என்னை எடுத்தப்ப நூத்தி இருபத்தஞ்சுன்னு இருந்துச்சு. இதுல ஆயிரம்னு இருக்கு."

"மதினி, இது டெக்னிக்கல் விஷயம். சேவல் ஆடும், வேகம் வேணும்."

"அந்த லைட்டு கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள அடிச்சு அணைஞ்சு போகுது. அதுக்குள்ள சேவல் எங்கிட்டு ஓடிரும்?"

நான் கடிகாரத்தைக் காட்டுனேன். பதில் தெரியாம இல்ல, மணி ஆயிருச்சு. அப்புறம் எனக்கே ஒரு யோசனை தோணுச்சு சார். நூத்தி இருபத்தஞ்சு வச்சு பாத்தா என்ன? இது நானா யோசிச்சது. அவங்க சொன்ன பிறகுதான் யோசிச்சேன், அது வேற.

பளிச்! முழுச் சேவல். மூக்கு, கண்ணு, காலு, வாலு. ஒரு ஆட்டம் இல்ல, ஒரு இருட்டு இல்ல. தாசில்தார் சும்மா பட்டா கொடுக்கப் போற மாதிரி நிக்கிறாரு. நாலு அம்பத்தாறுக்கு அனுப்பினோம். அண்ணன் என்னை கட்டிப்பிடிச்சு அழுதாரு. தாசில்தாரையும் கட்டிப்பிடிக்கப் போனாரு, அவரு கொத்திட்டாரு.

கதை முடிஞ்சதுன்னு பேப்பரை எடுக்காதீங்க சார். இனிமேத்தான் இருக்கு.

மறுநா காலையில கழகத்துலேருந்து போன். தலைவர் துரைச்சிங்கமே பேசுறாரு. பெரிய மீசை, ரிட்டயர்டு பஸ் செக்கர். யாரையும் நம்ப மாட்டாரு. "முதல்ல ஒரு முன்பாதி அனுப்புனீங்க. அடுத்து ஒரு பின்பாதி அனுப்புனீங்க. அரை மணி நேரம் கழிச்சு முழுச் சேவல் வருது. ஏன்ய்யா, ரெண்டு சேவலை ஒட்டி ஒரு சேவல் பண்ணிருக்கீங்களா?"

அண்ணன் போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டாரு.

"நேர்ல வந்து பாப்போம். வால் ஒட்டு வாலா இருந்துச்சு, ஆயுசுக்கும் தடை."

மதினி உள்ள இருந்து கேட்டாங்க, "அப்ப இஞ்சி வாங்கவா, வேணாமா?"

சாயங்காலம் தலைவர் வந்துட்டாரு. கையில ஒரு இஞ்ச் டேப்பு, ஒரு நோட்டு. நான் முந்துன ராத்திரி ஃபுல்லா ஷட்டரைப் பத்தி வீடியோவா பாத்து தள்ளிருந்தேன். எல்லாம் எனக்கு முன்னாடியே தெரிஞ்சதுதான், சும்மா ஒரு ஞாபகப்படுத்திக்கிறதுக்கு. "அய்யா, வாயால சொன்னா நம்ப மாட்டீங்க. செஞ்சே காட்டுறேன்"னேன்.

உள்ரூம்ல குறுக்க ஒரு கொடி கட்டுனேன். அந்தப் பக்கம் ஸ்டூல்ல தாசில்தார். இந்தப் பக்கம் நாற்காலியில தலைவர். கொடியில ரெண்டு போர்வை. கேமராவுக்குள்ளயும் இதே மாதிரி ரெண்டு திரை இருக்கு சார், மெல்லிசா. முதல் திரை மூடிக் கெடக்கும். பட்டனை அழுத்துனா அது ஒரு ஓரத்துலேருந்து மறு ஓரத்துக்கு ஓடும், வெளிச்சம் உள்ள வரும். ரெண்டாவது திரை பின்னாடியே அதே பக்கமா ஓடி வந்து மூடும். அவ்வளவுதான் ஷட்டர். ஸ்பீடுன்னா திரை ஓடுற வேகம் இல்ல. திரை எப்பவும் ஒரே வேகம்தான். முதல் திரை கிளம்பி எவ்வளவு நேரம் கழிச்சு ரெண்டாவது கிளம்புது, அதுதான் ஸ்பீடு. இது நிறைய போட்டோகிராஃபருக்கே தெரியாது. எனக்கு, வந்து, எப்பவோ தெரியும்.

"அண்ணே, நீங்க முதல் திரை. வால் பக்கத்துலேருந்து போர்வையை இழுத்துக்கிட்டு மூக்கு பக்கம் ஓடணும். மதினி, நீங்க ரெண்டாவது திரை. அண்ணன் பின்னாடியே போகணும்."

"இருபது வருஷமா அதத்தான செய்யிறேன்"னாங்க மதினி.

"ஆயிரம் ஸ்பீடுன்னா அண்ணன் நாலு எட்டு வச்ச உடனே நீங்க கிளம்பிரணும். அண்ணன் அந்தக் கோடிக்கு போய்ச் சேந்த நொடி நான் லைட்டை அடிப்பேன். கேமராவுல ஃப்ளாஷும் அப்பத்தான் அடிக்கும். தலைவரே, அய்யா, பாத்துக்கிட்டே இருங்க. ரெடி, ஓடுங்க!"

அண்ணன் ஓடுனாரு. மதினி பின்னாடியே ஓடுனாங்க. ரெண்டு போர்வைக்கும் நடுவுல ஒரு சந்து, அது மட்டும் நகந்து போகுது. அண்ணன் கோடியைத் தொட்டாரு. பளிச்!

"என்ன பாத்தீங்க அய்யா?"

"மூக்கு" தலைவர் கண்ணை கசக்குறாரு. "மூக்கு மட்டும் பாத்தேன்."

"வாலு?"

"வாலை அந்தம்மா போர்வை மறைச்சிருச்சேய்யா!"

"அம்புட்டுத்தான் அய்யா! வால் இருந்துச்சு. லைட்டும் அடிச்சுச்சு. ஆனா அடிச்ச நேரத்துல ரெண்டாவது திரை பாதி தூரம் வந்திருச்சு. இப்ப நூத்தி இருபத்தஞ்சு பாருங்க. மதினி, இந்த தடவை அண்ணன் கோடிக்கு போய் நின்னு மூச்சு வாங்குற வரைக்கும் நீங்க கிளம்பக் கூடாது."

"மூச்சு வாங்க இவருக்கு அரை மணி நேரம் ஆகும்."

ஓடுனாரு. நின்னாரு. ஜன்னல் மாதிரி முழுசா தொறந்து கெடக்கு. பளிச்! அதுக்கப்புறம்தான் மதினி நிதானமா போர்வையை இழுத்துக்கிட்டு போனாங்க.

"முழுச் சேவல்!" தலைவர் நாற்காலியை விட்டு எந்திரிச்சிட்டாரு. "முழுசா தெரியுதுய்யா! இன்னொரு தடவை பண்ணுங்க!"

ஏழு தடவை பண்ண வச்சாரு சார். ஒரு தடவை அவரே ரெண்டாவது திரையா ஓடுனாரு. அண்ணனுக்கு நாக்கு வெளிய தள்ளிருச்சு. விலை உசந்த ஃப்ளாஷா இருந்தா, "ஏய், இதுக்கு மேல வேகம் வைக்காத"ன்னு கேமராவை அதுவே தடுத்துருமாம். நான் மாட்டுன டப்பாவுல அந்த வசதி இல்ல. கேமராவுக்கு லைட்டு இருக்கிறதே தெரியாது, நான் சொன்னத அப்படியே செஞ்சிருச்சு. அதனாலதான் சொல்றேன், தப்பு என் மேல இல்ல. எல்லாம் அந்த டப்பா.

"சரி, ஒத்துக்கிறேன்"னாரு தலைவர். அண்ணன் முகத்துல பல்பு எரிஞ்சுச்சு. "ஆனா விதின்னு ஒண்ணு இருக்குல்ல? ஒட்டு வாலான்னு ஒரு தடவை இழுத்துப் பாத்துட்டு கையெழுத்து போட்டுர்றேன்."

இழுத்தாரு. வரல. "ம்ம்"னு நோட்டை தொறந்தாரு. பஸ் செக்கர் புத்தி, இன்னொரு தடவை இழுத்தாரு. வரல. மூணாவது தடவை இழுக்கும்போது ஏழு தடவை ஃப்ளாஷ் வாங்குன கோவத்துல தாசில்தார் முன்னாடி ஒரு பாய்ச்சல் பாஞ்சாரு பாருங்க.

தலைவர் கையில அஞ்சு இறகு. தாசில்தாருக்கு இருந்த நீள இறகே அஞ்சுதான்.

தாசில்தார் திரும்பி தன் பின்பக்கத்தைப் பாத்தாரு. அண்ணன் அப்படியே தரையில உக்காந்துட்டாரு. தலைவர் கையில இருக்கிற இறகைப் பாத்து, ரொம்ப மெதுவா சொன்னாரு: "ஒரிஜினல்தான்."

கண்காட்சிக்கு பதினெட்டு நாள்தான் இருக்கு. வால் முளைக்க மாசக் கணக்காகும். தலைவருக்கு எங்க முகத்துல முழிக்கவே முடியல. நுழைவுச் சீட்டை எழுதி மேசையில வச்சுட்டு, "வால் மார்க்குக்கு போட்டோவை பக்கத்துல வச்சுக்கங்க. கழகத்துல நான் பேசிக்கிறேன்"னு சொல்லிட்டு மீசையைக் கூட தடவாம போயிட்டாரு. மதினி வாசல் வரைக்கும் போய், "அய்யா, அந்த இறகை குடுத்துட்டு போங்க"ன்னு வாங்கிட்டு வந்தாங்க.

போட்டோ வைக்கிற வேலையை எங்கிட்ட விட்டாங்க. நான் கஞ்சத்தனம் பண்ணுவேனா? எட்டடிக்கு ஆறடி ஃப்ளெக்ஸ் அடிச்சேன் சார். நடுவுல தாசில்தார். ஓரத்துல அண்ணன் கும்பிட்டுக்கிட்டு. கீழ என் பேரும் போன் நம்பரும். சும்மா சொல்லக் கூடாது, ஒவ்வொரு இறகும் கத்தி மாதிரி ஷார்ப்பா இருந்துச்சு.

கண்காட்சி அன்னைக்கு மேடையில தாசில்தார் வால் இல்லாம நிக்கிறாரு, பின்னாடி ஃப்ளெக்ஸ்ல மலை மாதிரி வாலோட நிக்கிறாரு. கூட்டம் சிரிக்குது. அண்ணன் தலை குனிஞ்சு நிக்கிறாரு. மதினி முன்வரிசையில, மடியில ஒரு கட்டைப் பை. அதுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது, ஆனா இஞ்சி வாசம் வந்துச்சு.

அளக்க வந்தவன் வெளியூர்லேருந்து வந்த ஆளு. கையில சீட்டு, "வால் அளவு: படத்தைப் பார்க்கவும்"னு எழுதியிருக்கு. அவன் பாட்டுக்கு டேப்பை எடுத்தான், ஃப்ளெக்ஸ்ல வச்சான், அளந்தான். மைக்ல கத்துனான்: "வால், நாலடி ரெண்டு இஞ்ச்!"

சிரிச்ச கூட்டம் மொத்தமா ஃப்ளெக்ஸ் பக்கம் திரும்புச்சு.

தலைவர் எந்திரிச்சாரு. டேப்பைப் பாத்தாரு. ஃப்ளெக்ஸைப் பாத்தாரு. தாசில்தாரோட மொட்டைப் பின்பக்கத்தைப் பாத்தாரு. முன்வரிசையில மதினியைப் பாத்தாரு. மதினி பையிலேருந்து அந்த அஞ்சு இறகை எடுத்து மடியில வரிசையா அடுக்கிக்கிட்டு இருந்தாங்க, ஒண்ணொண்ணா, ரீடிங் எடுக்கிற மாதிரி.

தலைவர் பேனா மூடியைத் தொறந்து எழுதிக்கிட்டாரு. நாலடி ரெண்டு இஞ்ச்.

கழக வரலாற்றுலயே அதுதான் நீளமான வால் சார். முதல் பரிசு, அஞ்சு லிட்டர் குக்கர். என் போட்டோவோட தெளிவைப் பாத்துத்தான் தலைவர் அசந்து போயி ஒண்ணும் பேசாம எழுதிட்டாருன்னு நான் சொல்றேன். அண்ணனைக் கேட்டா வேற என்னவோ சொல்றாரு. மதினி குக்கரை வாங்குனாங்க, அதுக்குள்ள தாசில்தாரை உக்கார வச்சு வீட்டுக்கு தூக்கிட்டு வந்தாங்க, மூடி போடாம.

செம்பட்டியா? இறங்குறேன் இறங்குறேன், விசில் அடிக்காதீங்க கண்டக்டர் அண்ணே! சார், உங்க வீட்ல ஏதாச்சும் விசேஷம்னா சொல்லுங்க. ஆளுங்களையும் எடுப்பேன். முழுசாவே எடுப்பேன்.